கட்டியா, பையா?

போன மாதம் தங்கமணிக்கு ஸ்கேன் எடுத்தோம். கர்ப்பப்பையில் மூன்று ஃபைப்ராய்ட், அதாவது நார்க்கட்டி. பெரியது எலுமிச்சை சைஸ். புனேயில் பார்த்த டாக்டர் இரண்டே நிமிடத்தில், "ரெண்டு குழந்தை இருக்கில்ல? பையை எடுத்துடலாம்" என்றார். ஊருக்குப் போன் போட்டால் அம்மாவும் அதேதான்: "எனக்கும் நாப்பது வயசுல எடுத்தாங்க, இப்ப என்ன கெட்டுப்போச்சு?" தங்கமணி ஒன்றும் பேசவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. வழக்கம்போல படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

லண்டனில் விக்டர் பானி (1872-1953) என்றொரு சர்ஜன். அவர் மனைவிக்கே நார்க்கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், குழந்தை இல்லை. அன்று அதுதான் வழக்கம். மனுஷர் எதிர்த்திசையில் போனார். கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, பையைத் தைத்து உள்ளேயே விட்டுவிடும் மயோமெக்டமி. இதில் பெரிய பயம் ரத்தப்போக்கு. அதற்காகவே, ரத்தக்குழாய்களை ஆபரேஷன் முடியும்வரை இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்ப் செய்தார். இன்றும் அதற்கு அவர் பெயர்தான். ஒரே பெண்ணிடமிருந்து 225 கட்டிகள் எடுத்திருக்கிறாராம்! (இங்கே மூன்றுக்கே பையை எடுக்கச் சொல்கிறார்கள்.) 1946-ல் இதற்கென்றே ஒரு புத்தகமும் எழுதினார்.

அடுத்த திருப்பம் பாரிஸில். ஆபரேஷனில் ரத்தம் குறையட்டும் என்று, கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாயைச் சிறு துகள்களால் முன்கூட்டியே அடைத்துப் பார்த்தார்கள் ராவினா குழுவினர். காத்திருந்த பெண்களில் பலருக்குத் தொந்தரவே குறைந்துபோய், ஆபரேஷனே தேவைப்படவில்லை. 1995-ல் லான்செட்டில் வெளியிட்டார்கள். எம்போலைசேஷன் வந்த கதை இதுதான்.

நம் நாட்டில்? பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுத்ததாக ஒரு டாக்டரே வழக்குப் போட்டார். வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் அமல்படுத்துங்கள் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

பையை எடுப்பதே தப்பு என்று சொல்லவில்லை. எடுத்தால் கட்டி திரும்ப வராது. கட்டியை மட்டும் எடுத்தால் வரலாம். ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரையும் ஹார்மோன் காயிலும் இருக்கின்றன. மாதவிடாய் நின்றபின் கட்டிகள் பெரும்பாலும் தானே சுருங்கும். இதில் ஒன்றையாவது அந்த டாக்டர் சொல்லியிருக்கலாம்.

எல்லாவற்றையும் தங்கமணியிடம் ஒப்பித்தேன். கேட்டுவிட்டு, "அந்த பானி பொண்டாட்டிய யாராவது கேட்டாங்களாமா?" என்றாள். எந்தப் புத்தகத்திலும் பார்த்த ஞாபகம் இல்லை.

சனிக்கிழமை வேறொரு டாக்டரிடம் போகிறோம். கேள்விகளை அவளே எழுதிக்கொண்டிருக்கிறாள்.