மேற்பார்வையா, உடனிருப்பா?
மழலையர் ஆசிரியரைப் பயிற்றுவித்த வரலாறு தரும் சில பாடங்கள்

திருவண்ணாமலையில் மாட வீதிகளுக்குச் சற்று அப்பாலுள்ள ஓர் அங்கன்வாடி மையத்திற்கு இறையியல் மாணாக்கர் சிலருடன் நாம் சென்றிருந்தோம். குழந்தைகள் பாயில் அமர்ந்திருந்தனர். ஒரு சிறுவன் புளியங்கொட்டைகளை இரு குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தான். ஆசிரியை அவனருகே குனிந்து, "இது ஏன் கண்ணு இந்தப் பக்கம் வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் அவர் சட்டென எழுந்தார். குழந்தைகளை எழுந்து நின்று வணக்கம் சொல்லச் செய்தார். நாம் கேளாமலே பதிவேடுகளை எடுத்து மேசைமேல் அடுக்கினார். சிறுவனிடம் கேட்ட கேள்வி விடையின்றி நின்றுபோயிற்று.

பார்வையிட வருவோரைக் கண்டு ஓர் ஆசிரியர் இவ்வாறு எழுந்து நிற்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? இதற்கு ஒரு வரலாறு உண்டு. அதில் திருச்சபைக்கும் பங்கு உண்டு.

1. தணிக்கையின் மரபு

1854ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கை மாகாணந்தோறும் கல்வித் துறையை நிறுவி, தனியார் பள்ளிகளுக்கு உதவி மானியம் வழங்க வழிசெய்தது. மிஷன் பள்ளிகள் அம்மானியத்தால் பெருகின. வட ஆற்காட்டிலும் தென் ஆற்காட்டிலும் டேனிஷ் மிஷன் பள்ளிகளை நடத்தியது. ஆற்காடு லுத்தரன் திருச்சபை அம்மரபின் வழிவந்தது. திருவண்ணாமலை நகரில் அம்மிஷனின் பெயர் தாங்கிய பள்ளி இன்றும் உள்ளது. மானியத்தோடு இன்ஸ்பெக்டரும் வந்தார். சென்னை மாகாணத்தில் தேர்வில் மாணவர் பெறும் வெற்றியை அளந்து பணம் தரும் முறையும் சில காலம் வழங்கிற்று. ஆசிரியரின் அன்றாட உழைப்பு ஒரே நாளின் விடைகளுக்குள் அடக்கப்பட்டது. கல்வி பரவ மானியம் உதவியதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஆசிரியரைக் காண வருபவர் குறை காணவே வருகிறார் என்னும் எண்ணமும் அக்காலத்தில்தான் வேரூன்றியது.

2. உடனிருப்பின் மரபு

இதற்கு மாறான மரபு ஒன்றும் உண்டு. அது ஓர் ஆயரின் இல்லத்தில் தோன்றியது. ஜான் பிரெடரிக் ஓபர்லின் 1767இல் அல்சேஸ் நாட்டு மலைச் சிற்றூரான வால்டர்ஸ்பாக்கிற்கு ஆயராக வந்தார். பெற்றோர் வயலுக்குச் சென்றபின் சிறுகுழந்தைகள் கவனிப்பாரற்றுத் திரிவதைக் கண்டார். சாரா பான்சே என்ற இளம்பெண் தன் வீட்டில் குழந்தைகளைக் கூட்டிப் பின்னல் வேலை கற்பித்து வந்ததை அறிந்து, அம்முயற்சியையே வளர்த்தெடுத்தார். ஓபர்லினும் அவர் துணைவியாரும் அவ்வூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து, அவர்களை 'வழிநடத்துவோர்' என்று அழைத்தனர். அவர்களுள் ஒருவரான லூயி ஷெப்லர் ஆயர் வீட்டிலேயே பணிபுரிந்து, அரை நூற்றாண்டுக்கு மேலாகக் குழந்தைகளோடு உழைத்தார். 1829இல் பிரெஞ்சு அக்காதெமி அவருக்கு நற்பண்புக்கான பரிசளித்தது. ஃப்ரோபெல் 1837இல் தம் முதல் மழலையர் பள்ளியைத் தொடங்குவதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் முன்னரே இப்பணி தொடங்கிவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

ஓபர்லின் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து திணிக்கவில்லை. ஒரு பெண் ஏற்கெனவே செய்துவந்த நற்செயலைக் கண்டுகொண்டார், அதற்குத் துணைநின்றார். பயிற்றுவிப்பவர் முதலில் காண வேண்டியது ஆசிரியரிடம் இல்லாததையன்று, இருப்பதையே.

நம் நாட்டிலும் இம்மரபுக்குச் சான்றுகள் உண்டு. குஜராத்தின் பாவ்நகரில் 1920இல் கிஜுபாய் பதேகா பால மந்திர் தொடங்கினார். அவரோடு உழைத்த தாராபாய் மோடக், 1945 முதல் மகாராட்டிரத்துப் போர்டியில் அனுதாய் வாகுடன் இணைந்து கிராமக் குழந்தைகளுக்காகப் பணியாற்றினார். பள்ளிக்கு வராத குழந்தைகளின் வீட்டு முற்றத்திற்கே பள்ளி சென்றது. 'அங்கன்வாடி' என்னும் சொல்லில் அந்த முற்றம் இன்றும் இருக்கிறது. 1939இல் மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாற்றுக்கு வந்து, 1946 வரை இந்நாட்டில் தங்கி ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். ஆசிரியர் பேசுமுன் குழந்தையைக் கூர்ந்து நோக்கக் கற்கவேண்டும் என்பது அவர் வற்புறுத்திய பாடங்களுள் ஒன்று.

3. தமிழகம் கண்ட ஒரு சோதனை

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2இல் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கிற்று. தமிழகத்திலோ 1980இல் உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமும் தொடங்கப்பெற்றது. அதன் முதன்மை நோக்கம் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடல்நலம், கல்வியன்று. எனினும் அதன் அமைப்பு நம் கவனத்திற்குரியது. ஊர்ப்பணியாளர் பத்துப் பேருக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். வட்டார அளவில் பணியிடத்திலேயே பயிற்சியளிக்க ஒரு பயிற்றுநரும் இருந்தார். குழந்தையை எடைபோடும்போதும், அதை அட்டையில் குறிக்கும்போதும், தாயிடம் பேசும்போதும் அருகிலிருந்து கற்பிக்க ஒருவர் வந்தார். அத்திட்டத்தின் வலிமைகளுள் இதுவும் ஒன்றென்று பின்னாளில் ஆராய்ந்தோர் குறித்துள்ளனர்.

மற்றைய திட்டத்திலோ ஒரு மேற்பார்வையாளர் இருபதுக்கும் மேற்பட்ட மையங்களைக் கவனிக்க வேண்டியிருந்தது. அத்தகைய ஒருவருக்குப் பதிவேட்டைப் பார்க்கவே நேரம் போதாது. எனவே குறையைத் தனி மனிதர்மேல் சுமத்துவது நேர்மையாகாது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்வியாளர் ஜாய்ஸ், ஷவர்ஸ் ஆகியோர் எடுத்துக்காட்டியதும் இதனோடு ஒத்துப்போகிறது: வகுப்புக்கு வெளியே கேட்ட பயிற்சி, வகுப்பில் உடனிருந்து துணைசெய்வாரின்றி நடைமுறைக்கு வருவது அரிது. தமிழகத்தில் இன்று 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. பயிற்சி முகாம்கள் நடைபெறுகின்றன. முகாம் முடிந்த மறுநாள் அந்த ஆசிரியரின் அருகில் அமர்வார் யார் என்பதே வினா.

4. நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது

பிறரைப்பற்றி எழுதுமுன் நம் தவற்றைச் சொல்லிவிடுவது முறை. ஒரு சபையில் ஆயராயிருந்தபோது, சபையின் மழலையர் பள்ளிக்கு நாமே தாளாளர். ஒருநாள் வகுப்பில் இரைச்சல் கேட்டு, வருகைப் பதிவேட்டில் 'ஒழுங்கு தேவை' என எழுதிக் கையெழுத்திட்டோம். மறுமுறை சென்றபோது வகுப்பு அமைதியாயிருந்தது. பாராட்டி எழுதினோம். நாம் மாற்றலாகிச் சென்ற நாளில் அந்த ஆசிரியை தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐயா வர்ற அன்னைக்கு நாங்க பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துறதில்லைங்க, ஐயாவுக்குத்தான் நடத்துறோம்." அந்த இரைச்சல் குழந்தைகள் ஒருவருக்கொருவர் கதை சொல்லிக்கொண்டிருந்த ஒலி என்பதையும் அன்றுதான் அறிந்தோம்.

ஆகவே, மழலையர் பள்ளி நடத்தும் சபைகளுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம். சம்பளப் பட்டியலில் கையெழுத்திடுபவரே ஆசிரியரின் நண்பராகவும் இருப்பது கடினம்; எனவே அனுபவமிக்க ஓர் ஆசிரியையை அப்பணிக்கு அமர்த்துக. அவர் நாற்காலியை விட்டுப் பாயில் அமர்க. ஆசிரியர் செய்யத் தவறியதைக் குறிப்பதைவிடக் குழந்தை செய்ததைக் குறித்துக்கொள்க. குழந்தைகள் உறங்கியபின், முதலில் ஆசிரியரைப் பேசவிடுக. மாற்றவேண்டிய ஒன்றை மட்டும் இருவரும் சேர்ந்து தெரிந்துகொள்க. இரு வாரங்களுக்குள் மீண்டும் வருக. லூயி ஷெப்லரின் தியாகத்தைப் புகழ்ந்து ஆசிரியரின் ஊதியத்தைக் குறைக்கும் சபை, அவ்வரலாற்றைத் தவறாகப் படிக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சவுலைச் சேர்த்துக்கொள்ள எருசலேமில் பிறர் அஞ்சியபோது, அவரருகே நின்றவர் பர்னபா. எம்மாவுக்குப் போன வழியிலும் ஆண்டவர் முதலில் உடன்நடந்தார், கேட்டார், பின்னரே விளக்கினார். இவ்வொழுங்கை நாம் பிரசங்கத்தில் சொல்கிறோம், பள்ளியில் மறந்துவிடுகிறோம்.

திருவண்ணாமலை மையத்தில் அன்று நாம் பதிவேடுகளைத் திறக்கவில்லை. பாயில் அமர்ந்து, அந்தச் சிறுவனிடம் கேட்டதை மறுபடியும் கேட்கும்படி ஆசிரியையை வேண்டிக்கொண்டோம். பெரியதையும் சிறியதையும் அவன் பிரிக்கிறான் என்றே நாம் எண்ணியிருந்தோம். அவனோ, ஒரு குவியலைக் காட்டி, "இதெல்லாம் பளபளன்னு இருக்கு டீச்சர்" என்றான். ஆசிரியை நம்மைப் பார்க்கவில்லை. அவனுடைய குவியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.