சரந்தீபின் ஒட்டகம்

விழிஞ்ஞத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில் பாரசீக வளைகுடாப் பகுதியின் பானையோடுகள் கிடைத்திருக்கின்றன. ஆய் மன்னர்களின் துறைமுகம் அது. ராஜராஜன் படை பிடித்த, கடலையே அகழியாகக் கொண்ட ஊர் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. இந்தப் பக்கத்துக் கடலில் வந்துபோன அரபு, பாரசீக மாலுமிகள் இலங்கையைச் ‘சரந்தீப்’ என்றார்கள். சிம்ஹளத்வீபம் அவர்கள் வாயில் அப்படி ஆனது. சிந்துபாத் தன் ஆறாம் பயணத்தில் கரையேறியதும் அங்கேதான்.

அந்தப் பெயரிலிருந்துதான் ஆங்கிலத்துக்கு ‘செரண்டிபிட்டி’ கிடைத்தது. தேடாத நல்ல பொருள் தானாக வந்து கையில் சிக்குவதை இன்று அப்படிச் சொல்கிறார்கள். பிறந்த நாள்கூடத் தெரிந்த சொல் இது: 1754 ஜனவரி 28. ஃபிளாரன்ஸில் இருந்த நண்பர் ஹொரேஸ் மேனுக்கு எழுதிய கடிதத்தில் ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் அதை உருவாக்கினார். ஒரு குடும்பச் சின்னத்தைப் பழைய புத்தகமொன்றில் எதிர்பாராமல் கண்ட மகிழ்ச்சியில் எழுதிய கடிதம். சரந்தீபின் மூன்று இளவரசர்கள் கதையை எப்போதோ படித்த நினைவில் பெயர் வைத்தார். கதையில் வரும் ஒட்டகம் அவர் நினைவில் கோவேறு கழுதையாகிவிட்டது!

டெல்லிக் கவிஞர் அமீர் குஸ்ரோ 1302இல் பாரசீக மொழியில் பாடிய கதை அது. 1557இல் வெனிஸில் இத்தாலிய நூலாக வந்து, பிறகு பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஆனால் இளவரசர்களுக்கு அதிர்ஷ்டம் எதுவும் அடிக்கவில்லை. வழியில் கண்ட தடயங்களை வைத்தே, காணாமற்போன ஒட்டகம் ஒற்றைக்கண், நொண்டி, ஒரு பல் இல்லாதது என்று சொல்கிறார்கள். வால்போலும் தற்செயலோடு கூர்மதியையும் சேர்த்தே பேசினார். பின்னால் வந்தவர்கள்தான் மதியை உதறிவிட்டு அதிர்ஷ்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

தமிழில் ‘அலகேச கதை’யிலும் ஓர் ஒட்டகம் தொலைகிறது. அங்கே துப்புச் சொல்பவர்கள் நான்கு இளைஞர்கள். மூன்று கால் தடம்தான் பதிந்திருக்கிறது, எனவே நொண்டி. பாதையின் இடப்பக்கத் தழை மட்டும் மேயப்பட்டிருக்கிறது, எனவே வலக்கண் குருடு. வழியெங்கும் இரத்தத் துளிகள்; கடிக்கும் கொசுவை விரட்ட வால் நீளவில்லை. முன்னங்கால் அழுந்தி, பின்னங்கால் பட்டும் படாமலும் இருப்பதால் வயிற்றுவலி. இந்த நான்காவது ஊகம் பாரசீகக் கதையின் ஊகங்களைவிட நுட்பமானது.

திருடர்கள் என்று இழுத்துவரப்பட்ட அவர்களை அரசன் அமைச்சர்களாக்கினான். ஒட்டகத்தைத் தொலைத்த வணிகனுக்கு நஷ்டஈடு கொடுத்தனுப்பினான். ஒட்டகம் கிடைத்ததா என்று கதை சொல்லவில்லை.