மன்னார்த் தீவின் வீதி

மன்னார்த் தீவுக்குத் தரைமார்க்கமாகச் செல்வதற்கு வாசல் ஒன்றுதான். தள்ளாடியிலே பெருநிலம் முடிகின்றது. அங்கிருந்து ஏறக்குறைய 3 கிலோமீற்றர் தூரம் ஆழமற்ற கடலினூடே தாம்போதி செல்கின்றது. புகையிரதப் பாதையும் அதனை அடுத்தே ஓடுகின்றது. பேசாலையில் ஏற்றிய மீன் பழுதாகுமுன் சந்தை சேர்வதும், கடும் நோயாளி வவுனியாவுக்கோ அநுராதபுரத்துக்கோ உயிருடன் போய்ச் சேர்வதும் இந்த ஒரு வழியைப் பொறுத்தவை. இவ்வீதி போடப்பட்ட கதையிலும் பார்க்க, அது மீண்டும் மீண்டும் திருத்தப்பட்ட கதையே பெரிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியத் தொழிலாளர் படகுகளில் வந்து மன்னார்க் கரையிலே இறங்கினர். மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை அவர்கள் கால்நடையாகவே சென்றனர். வாந்திபேதிக்கும் பசிக்கும் அவ்வழியிலே பலியானோர் பலர். கோப்பித் தோட்டங்களை வாழவைத்த அந்தப் பாதையில், கால் வைத்த இடத்திலே தண்ணீரும் நிழலும் கிடைப்பதே பெரும் பேறு. 1914 இல் தலைமன்னாருக்குப் புகையிரதம் வந்தது.

அக்காலத்தில் வீதிகளைப் பேணியவர் யார்? 1848 ஆம் ஆண்டின் வீதிச் சட்டம் 18 வயது முதல் 55 வயது வரையுள்ள ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 6 நாள் வீதிவேலை செய்யவேண்டும், அல்லது 3 சிலிங் கட்டவேண்டும் என விதித்தது. மலைநாட்டிலே அவ்வாண்டு மூண்ட கலகத்துக்கு இவ்வரியும் ஒரு காரணமாயிற்று. தன் ஊரார் நடக்கும் வழியைத் திருத்த எவரும் பின்னிற்பதில்லை. பிறர் வண்டி ஓடும் வழிக்குத் தம் வியர்வை கேட்கப்பட்டதே மக்களுக்குக் கசந்தது.

அன்றைய வீதி கல்வீதி. ஸ்கொத்லாந்தில் பிறந்த மக்கடம் காட்டிய முறைப்படி, உடைத்த சல்லிக் கற்களை அடுக்கடுக்காய்ப் பரப்பி, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்படி இறுக்குவார்கள். மாட்டுவண்டிக்கு அது போதும். மோட்டார் வண்டி வந்ததும் நிலைமை மாறியது. விரைந்தோடும் றப்பர்ச் சக்கரம் கற்களுக்கிடையிலிருந்த தூளை உறிஞ்சியெடுக்க, பிடிப்பிழந்த கற்கள் சிதறின. அவற்றைப் பிணைக்கத் தார் வந்தது. 1902 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹூலி என்பவர் தாரும் கல்லும் கலந்த கலவைக்கு உரிமை பெற்றார். பின்னர், மண்ணெண்ணெய் வடித்தெடுத்தபின் எஞ்சும் கரும் பசையே உலகெங்கும் வீதிக்கு உரியதாயிற்று. அதனையும் நம் மக்கள் தார் என்றே அழைக்கின்றனர்.

ஆனால், மன்னாரிலே தாருக்குப் பகைவர் மூவர்: மணல், உப்பு, நீர். தீவிலே கருங்கல் கிடையாது. நல்ல சல்லி வேண்டுமானால் வவுனியாத் திசையிலுள்ள உள்நாட்டிலிருந்து ஏற்றிவரவேண்டும். தீவின் வீதியைத் திருத்தும் கல்லும் அந்தத் தாம்போதியைத் தாண்டித்தான் வரவேண்டியிருக்கின்றது! சோழகக் காற்று வீசும் மாதங்களில் மணல் தெருவோரத்தில் ஏறி, மதகுகளின் வாயை அடைத்துவிடும். உப்பின் வேலை இன்னும் மறைவானது. நிலத்தடி உவர்நீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மேலே ஊறி வருகின்றது. தார்ப் படை மெல்லியதாயிருந்தால் ஈரம் ஆவியாகிவிட, உப்பு மட்டும் படையின் அடியிலே பளிங்காகத் திரள்கின்றது. அது வளர வளர மேற்பரப்பு கொப்புளம்போல எழும்பி உடைகின்றது. நல்ல வீதி ஏன் மழையில்லாக் காலத்திலும் பொரிந்துபோகின்றது என்று வியப்போருக்கு இதுவும் ஒரு விடை.

மூவரிலும் பெரும்பகைவன் நீரே. மன்னாரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 1,000 மில்லிமீற்றர்தான்; ஆயினும் அதிற் பெரும்பகுதி வாடைக் காலத்துச் சில மாதங்களிலே கொட்டித் தீர்ந்துவிடும். வெயிலிலே காய்ந்து இறுகிய தாரில் மயிரிழை போன்ற வெடிப்பு விழுகின்றது. அதனூடாக நீர் இறங்கி அடிப்படையை இளக்குகின்றது. பாரவண்டி ஏறும்போதெல்லாம் அந்நீர் அமுக்கப்பட்டு, நுண்மண்ணை வாரிக்கொண்டு வெளியே பீறிடுகின்றது. உள்ளே வெறுமை, மேலே ஓடு. ஒருநாள் ஓடு உடைந்தால் அதுவே குழி.

நீர் நிற்கும் குழியிலே ஒரு கூடை கிரவலைக் கொட்டி மிதித்துவிட்டுப் போவது எங்கும் காணும் வழக்கம். அது திருத்தமன்று; குழிக்கு இட்ட தீனி. முறையான வேலைக்காரன் முதலிற் குழியைப் பெரிதாக்குவான்! பழுதுபட்ட பகுதி முழுவதையும், உறுதியான விளிம்பு தென்படும் வரை, சதுரமாக வெட்டிச் சுவரைச் செங்குத்தாக்குவான். நீரையும் தூசியையும் அகற்றி, அடியிலும் பக்கங்களிலும் தார் பூசி, கலவையைச் சிறு சிறு படைகளாக இட்டு ஒவ்வொரு படையையும் இடித்து இறுக்குவான். கடைசியாக விளிம்பைத் தாரால் அடைத்து மணல் தூவுவான். வெடிப்பிலேயே தாரை ஊற்றி அடைத்திருந்தால் இத்தனை வேலையும் மிஞ்சியிருக்கும்.

1964 டிசம்பர் 22, 23 ஆந் திகதிகளில் தனுஷ்கோடியை அழித்த புயல் மன்னார்க் கரையையும் தாக்கியது. எனினும் புயலின் சேதத்தை ஓரிரு ஆண்டுகளில் திருத்தலாம். போரின் சேதம் அப்படியன்று. தாம்போதியில் 1930 இல் அமைந்த பாலம் 1990 இல் தகர்ந்தது. தலைமன்னார்ப் புகையிரதமும் நின்றது. அதன்பின் இருப்புச் சட்டங்களாலான தற்காலிகப் பாலமே தீவின் வாசலாயிற்று. குண்டு விழாத இடத்திலுங்கூடத் தார் வீதி செம்மண் தடமாயிற்று. வெடிப்பை அடைப்பாரும் மதகைத் தோண்டுவாரும் இல்லாத ஆண்டுகளே அதற்குப் போதுமானவை.

யப்பான் நாட்டின் உதவியுடன் ஏறக்குறைய 157 மீற்றர் நீளமான புதிய பாலம் 2010 இல் திறக்கப்பட்டது. 2009 இல் போர் ஓய்ந்தபின் மதவாச்சி–தலைமன்னார் வீதி காப்பற் வீதியாயிற்று. 2015 இல் தலைமன்னாருக்குப் புகையிரதமும் திரும்பியது. தடித்த காப்பற் படை உப்பை முன்னையிலும் நன்றாகத் தாங்கும். ஆயினும் அதன் ஓரத்துக்கு அப்பால் இருப்பது அதே மணல்தான். ஓரம் அரிந்தால் படை தொங்கும். தொங்கிய படை முறியும். புரட்டாதியில், முதல் மழைக்கு முன், மதகின் வாயிலுள்ள மணலை வாரி, ஓரத்தைக் கிரவலிட்டு இறுக்கி, வெடிப்புகளை அடைக்கவேண்டியிருக்கின்றது. கார்த்திகை பிறந்தபின் ஈரத்தில் தார் ஒட்டாது.