அழுகுணி ஆட்டமும் பச்சை ரத்தமும்

கோலியில் தோற்கப்போகிற பையன் "இது செல்லாது" என்று கோட்டை அழித்துவிட்டு ஓடினால், அது அழுகுணி ஆட்டம். ஏமாற்றி ஜெயித்தால் கள்ளாட்டை. சென்னைப் பையன்களுக்குப் போங்கு. கம்ப்யூட்டர் வரும் முன்பே தமிழில் இதற்கு இத்தனை பெயர்கள்.

கம்ப்யூட்டரோடு வந்த கள்ளாட்டையில் ஒரு வேடிக்கை உண்டு: வழியைக் காட்டிக் கொடுத்தவர்கள் விளையாட்டை உருவாக்கியவர்களே. 'ஜிடிஏ வைஸ் சிட்டி' 2003-ல் கணினிக்கு வந்தது. சுரண்டை போன்ற சிறு ஊர்களின் பிரவுசிங் சென்டர்களிலும் பையன்கள் கூடிய காலம் அது. ஒருவன் விளையாட, நான்கு பேர் முதுகுக்குப் பின்னால் நிற்பார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'சீட் கோடு' என்ற ரகசியச் சொற்கள் இருக்கும். ஆட்டத்தின் நடுவே 'பான்சர்' என்று ஆறு ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் தெருவில் ஒரு பீரங்கி வண்டி வந்து நிற்கும். 'ஆஸ்பிரின்' உயிரை நிரப்பும். போலீஸை விரட்ட 'லீவ்மீஅலோன்', பன்னிரண்டு எழுத்து. ஓர் எழுத்து தப்பினாலும் போலீஸ் விடாது. ஆங்கில ஸ்பெல்லிங்கில் இத்தனை அக்கறையை எந்த வாத்தியாரும் பார்த்திருக்க மாட்டார்.

உருவாக்கியவர்களே தந்த இப்படிப்பட்ட சலுகைகளில் புகழ்பெற்றது ஜப்பானின் கொனாமி கோடு. 'கிரேடியஸ்' விளையாட்டை வீட்டுக் கருவிக்கு மாற்றிக்கொண்டிருந்த கசுஹிசா ஹாஷிமோட்டோவுக்கு, சோதித்துப் பார்க்க முடியாத அளவு அது கடினமாக இருந்தது. தன் வசதிக்காக ஒரு பொத்தான் வரிசையைச் செருகினார். 1986-ல் விளையாட்டு வெளிவந்தபோது அதுவும் கூடவே வந்துவிட்டது.

எதிரே இன்னொரு மனிதன் உட்கார்ந்து, நடுவில் பரிசுப் பணமும் வந்த பிறகு கதை மாறியது. 2018 அக்டோபரில் ஷாங்காயில் கவுன்டர் ஸ்டிரைக் போட்டி நடந்தது. ஆப்டிக் இந்தியா அணியின் 'ஃபார்சேகன்' மீது நடுவருக்குச் சந்தேகம் வந்தது. அவர் கணினியில் சிக்கிய கள்ளச் செயலியின் பெயர் 'வேர்ட்.எக்ஸ்இ'. கடிதம் தட்டும் மென்பொருள் போல வேஷம்! அணி வெளியேற்றப்பட்டது, பிறகு கலைந்தே போனது. அதே மேசையில் அணியின் மற்ற நால்வரும் இருந்தார்கள் என்பதுதான் இதில் கசப்பு.

விளையாட்டுகளுக்கே வந்த தடைகளின் கதை வேறு. வைஸ் சிட்டியில் ஹைட்டி மக்களைக் கொல்லச் சொல்லும் வசனத்தை எதிர்த்து நியூயார்க்கில் போராட்டம் நடந்தது. நிறுவனம் அதை நீக்க ஒப்புக்கொண்டது. 2008-ல் 'ஃபால்அவுட் 3' விளையாட்டைப் பண்பாட்டுக் காரணம் சொல்லி மைக்ரோசாஃப்ட் இந்தியாவில் வெளியிடவில்லை. நம்மூர்ப் பெற்றோர் காதுக்கு இவை எட்டவில்லை. அவர்களைக் கலக்கியது செல்போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டான பப்ஜி.

2018 டிசம்பரில் வேலூர் விஐடி மாணவர் விடுதியில் பப்ஜிக்குத் தடை வந்தது. அடுத்த மார்ச்சில் ராஜ்கோட்டில் விளையாடிய மாணவர்களைப் போலீஸ் கைதே செய்தது. ஆனால் 2020 செப்டம்பர் 2-ல் மத்திய அரசு பப்ஜி உட்பட 118 செயலிகளை முடக்கியபோது, காரணம் துப்பாக்கியுமில்லை, ரத்தமுமில்லை. எல்லையில் சீனாவோடு மோதல். தரவு வெளியே போகிறது என்ற கவலை. பெற்றோர் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

2021 ஜூலையில் அதே ஆட்டம் 'பிஜிஎம்ஐ' என்ற பெயரில் திரும்பியது. ரத்தம் பச்சை நிறமாகியிருந்தது. 'கொன்றான்' என்பது 'முடித்தான்' ஆனது. 2022 ஜூலை 28-ல் அதுவும் செயலிக் கடைகளிலிருந்து மறைந்தது. 2023 மே மாதம் மூன்று மாதச் சோதனை அனுமதியோடு மறுபடி வந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு நாளுக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 என்று அப்போது வரம்பு வைத்தார்கள்.

பச்சை ரத்தத்தால் எந்தப் பையனும் மனம் மாறியதாகத் தெரியவில்லை. கவனிக்க வேண்டியது இன்னொன்று. சிறுவர்கள் உள்ளே நுழைய அப்பா அம்மாவின் செல்போன் எண்ணைத் தர வேண்டும் என்றும் விதி வைத்தார்கள். எண் கேட்கும் அந்தக் கட்டத்தில் யாருடைய எண் இருக்கிறது என்று இன்று இரவு உங்கள் பையனிடம் கேட்டுப் பாருங்கள்.