மதிப்பெண்ணும் பார்வையும்

பிறந்த குழந்தையின் நிலையைக் கணிக்க மருத்துவமனையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பிரசவ அறையில் போடும் அப்கார் மதிப்பெண். மற்றது, குறைமாதக் குழந்தைகளோடு பல ஆண்டு பழகிய செவிலியின் கண். முன்னதில் ஐந்து அறிகுறிகளைக் கூட்டினால் விடை கிடைத்துவிடும். பின்னதில் கூட்டலே இல்லை. பிள்ளை சரியாக இல்லை என்ற முடிவு மட்டும் வந்து நிற்கும்.

உளவியலாளர் கேரி கிளைன் விவரிக்கும் சம்பவம் ஒன்று. பயிற்சியில் இருந்த செவிலியின் பொறுப்பில் ஒரு குறைமாதக் குழந்தை. ரத்தம் எடுக்கக் குதிகாலில் குத்திய இடத்தில் கசிவு நிற்கவில்லை. நிறம் சற்று மாறியிருந்தது, வயிறு லேசாக உப்பியிருந்தது. உடல் வெப்பம் இறங்கிக்கொண்டே வந்தது. ஆனால் எந்த அளவும் இயல்பைத் தாண்டவில்லை. அவர் வெப்பமூட்டியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். அந்தப் பக்கம் வந்த மூத்த செவிலி ஒருமுறை பார்த்தார். ரத்தத்தில் கிருமி பரவுகிறது என்று மருத்துவரை அழைத்தார். பரிசோதனையும் அதையே சொன்னது.

இருவர் கண்ணிலும் பட்டவை ஒரே அறிகுறிகள்தாம். இளையவர் தனித்தனியாகப் பார்த்தார். மூத்தவர் சேர்த்துப் பார்த்தார், அவை எந்தத் திசையில் போகின்றன என்றும் பார்த்தார்.

ஆனால் அந்தக் கண்ணை அடுத்த வார்டுக்கு இரவல் கொடுக்க முடியாது. மதிப்பெண்ணைக் கொடுக்கலாம். வர்ஜீனியா அப்கார் 1953-இல் வெளியிட்ட முறையில், அறையில் இல்லாதவரும் ஓர் எண்ணைப் படித்துக் குழந்தையின் நிலையை அறியலாம். பிரசவம் பார்த்தவரே மதிப்பெண் போடக் கூடாது என்றும் அவர் கருதினார். தன் கைவேலையை யாரும் குறைத்துப் போடமாட்டார்கள். ஐந்தில் அவருக்கு மிகவும் திருப்தி தராதது நிறம். அவர் நம்பத் தயங்கிய அதே நிறம்தான் செவிலிக்குத் துப்பு கொடுத்தவற்றுள் ஒன்று!

இத்தனை வேறுபட்ட இவை ஒரே வயிற்றில் பிறந்தவை என்பதுதான் எனக்கு வியப்பு. எண்ணற்ற பிரசவங்களில் உடனிருந்த மயக்கவியல் மருத்துவரான அப்காரின் கண்ணே அந்த ஐந்தையும் தேர்ந்தெடுத்தது. மறுபுறம், கிளைனோடு பணியாற்றிய ஆய்வாளர் பெத் கிராண்டல் இத்தகைய செவிலியரிடம் பேசியபோது, எப்படித் தெரிந்தது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. நடந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்ததும் அறிகுறிகள் வெளிவந்தன. சில அன்றைய பாடநூல்களில் இல்லாதவை. சில, பெரியவர்களிடம் காண்பதற்கு நேரெதிர். தொற்று வந்த பெரியவர் எரிச்சல்படுவார், குறைமாதக் குழந்தையோ அடங்கிப்போகும். இப்படிக் கண் பட்டியலானது. பட்டியலும் சும்மா இருக்கவில்லை: முதல் நிமிடத்தோடு ஐந்தாம் நிமிடத்திலும் மதிப்பெண் போடும் வழக்கம் வந்து, அதுவும் மாற்றத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டது.

கண்ணின் பக்கம் நின்ற கிளைனும், சூத்திரத்தின் பக்கம் நின்ற டேனியல் கானமனும் 2009-இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஓரிடத்தில் ஒத்துப்போனார்கள். தொழில் நடக்கும் சூழலில் கணிக்கக்கூடிய ஒழுங்கு இருக்க வேண்டும், செய்தது சரியா தவறா என்ற பதில் திரும்பி வர வேண்டும்; இவை இல்லாத இடத்தில் ஆண்டுகள் கூடினாலும் உள்ளுணர்வை நம்ப முடியாது. செவிலிக்கு அந்தப் பதிலை ஆய்வகம் ஓரிரு நாளில் தந்துவிடும். இருபது வருடமாக ஆள் எடுக்கும் அதிகாரிக்கு அது பாதிதான் கிடைக்கிறது. அவர் வேண்டாமென்று அனுப்பியவர் எப்படி வேலை செய்திருப்பார் என்று அவருக்கு யாரும் வந்து சொல்வதில்லை.