முதலில் எந்த வாசல்?

போன மாதம் ஒரு பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் நாலு பேர் இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். கதை எங்கெங்கோ சுத்தி, "வெளிநாடு போகக் கிடைச்சா முதல் எந்தத் தீம் பார்க்குக்குப் போவாய்?" எண்ட கேள்வியில் வந்து நின்றது. ஒருத்தன் சிங்கப்பூர் யுனிவர்சல் எண்டான். பக்கத்தில இருக்கு, செலவும் குறைவாம். ஒருத்தி பாரிஸ் டிஸ்னி எண்டாள். மாமா வீட்டில தங்கலாமாம். இன்னொருத்தனுக்கு டோக்கியோ. நான் கொப்பன்ஹேகனில் இருக்கிற டிவோலி எண்டு சொன்னதும் மூன்று பேரும் சிரித்தார்கள். "அது கிழடுகள் பூப் பாக்கிற தோட்டமல்லோ?"

அண்டைக்குச் சொல்லி முடிக்க முடியாமல் போன பதில்தான் இது.

ரோலர் கோஸ்டரின் உயரத்தையும் வேகத்தையும் வைத்துத் தெரிவு செய்தால் டிவோலி தோற்றுவிடும். ஆனால் ஒரு பூங்காவின் வாசலில் யாரை விட்டார்கள், யாரை மறித்தார்கள் என்று பார்த்தால் இந்தக் களியாட்டப் பூங்காக்களின் முழுக்கதையும் வேறு மாதிரித் தெரியும். அந்தக் கதையைப் படிக்க டென்மார்க்கை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

உலகத்தில் இன்றைக்கும் இயங்குகிற மிகப் பழைய களியாட்டப் பூங்கா அங்கேதான் இருக்கிறது. கொப்பன்ஹேகனுக்கு வடக்கே காட்டுக்குள் இருக்கும் பாக்கன். 1583 இல் அங்கே ஒரு நீரூற்றுக் கண்டுபிடிக்கப்பட்டதாகச் சொல்வார்கள். தண்ணீர் தேடிச் சனம் வந்தது, சனத்தைத் தேடி வியாபாரிகளும் வித்தைக்காரரும் வந்தார்கள். 17 ஆம் நூற்றாண்டில் அரசர் அந்தக் காட்டைத் தன் வேட்டைக்கென்று அடைத்துவிட்டார். மறுபடி 1756 இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தது. இன்றைக்கு அங்கே உள்ளே போக ரிக்கற் இல்லை, ராட்டினங்களுக்கு மட்டும்தான் காசு.

டிவோலியின் கதை 1843 இல் தொடங்குகிறது. அல்ஜியர்ஸில் பிறந்த கேயோர்க் கார்ஸ்டென்சன் என்பவர் அரசர் எட்டாம் கிறிஸ்டியானிடம் போய், நகரக் கோட்டைக்கு வெளியே ஒரு பூங்கா நடத்த ஐந்து வருட அனுமதி கேட்டார். சனம் பொழுதுபோக்கிக் கொண்டிருந்தால் அரசியலை நினைக்காது என்று அவர் அரசருக்கு ஆசை காட்டியதாக ஒரு கதை உண்டு. அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 இல் பூங்கா திறந்தது. ஆறு வருடம் கழித்து, 1849 இல், டென்மார்க்கில் முடியாட்சியின் தனி அதிகாரம் முடிந்து அரசியலமைப்பு வந்தது. ராட்டினம் சுத்தின சனம் அரசியலையும் நினைத்துத்தான் இருக்கிறது!

இந்த எட்டாம் கிறிஸ்டியான் எங்களுக்கு முழுக்க அந்நியரில்லை. தஞ்சாவூர் நாயக்கரிடம் 1620 இல் டேனிஷ்காரர் வாங்கிய தரங்கம்பாடி, இவருடைய ஆட்சியில்தான், 1845 இல், ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. டிவோலி பிறந்தபோது டென்மார்க் ஒரு குடியேற்றநாட்டு அரசு. அதன் நிழல் பூங்காவுக்குள்ளும் விழுந்தது.

1905 இல் டிவோலியில் ஒரு குடியேற்ற நாடுகளின் கண்காட்சி நடந்தது. டென்மார்க்கின் கையில் அப்போதிருந்த கரிபியன் தீவுகளிலிருந்து இரண்டு கறுப்பினப் பிள்ளைகளை அதற்காகக் கொண்டுவந்தார்கள். விக்டர் கோர்னேலின்ஸுக்கு அப்போது ஏழு வயது. அல்பேர்ட்டா ரொபேர்ட்ஸ் அவரிலும் சின்னவள். பொருட்களோடு பொருளாக அவர்களைக் காட்சிக்கு வைத்தார்கள். விக்டர் கண்காட்சிக்குள் சுற்றித் திரிந்தார் என்று இருவரையும் கூண்டுக்குள் விட்டார்கள். அல்பேர்ட்டா இளவயதிலேயே காசநோயால் இறந்துபோனாள். விக்டர் டென்மார்க்கிலேயே வளர்ந்து ஆசிரியரானார். எல்லாரும் ரிக்கற் எடுத்துச் சிரிக்க வந்த இடத்தில், இரண்டு பிள்ளைகள் மட்டும் பார்க்கப்படுவதற்காக உள்ளே இருந்தார்கள்.

அதே பூங்காவுக்கு 1944 ஜூனில் குண்டு வைத்தார்கள். நாசிகளோடு நின்ற டேனிஷ் படைக்குழுவொன்று, எதிர்ப்பியக்கத்துக்குப் பழிவாங்க, சனம் விரும்பிய இந்த இடத்தைத் தெரிவு செய்தது. இசையரங்கு எரிந்தது. சில வாரங்களில் பூங்கா மறுபடி திறந்தது.

வால்ட் டிஸ்னி 1951 இல் டிவோலிக்கு வந்தார். அதன் துப்புரவும் வெளிச்சமும் குடும்பமாக வரும் சனமும் அவருக்குப் பிடித்துப்போயின. 1955 இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் திறந்தது. ஆனால் ஒன்றை அவர் மாற்றினார். வெளி உலகம் கண்ணில் படக்கூடாது என்று பூங்காவைச் சுற்றி மண்மேடு கட்டினார். டிவோலியில் அப்படி ஒளிக்க முடியாது. ஒரு பக்கம் மத்திய ரயில் நிலையம், மறுபக்கம் நகரசபை. நகரம் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

வாசலில் மறிப்பது டென்மார்க்கின் கதை மட்டுமில்லை. அமெரிக்காவின் பல பூங்காக்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடமே இருக்கவில்லை. பால்டிமோருக்குப் பக்கத்திலிருந்த குவின் ஓக் பூங்கா, வருடக்கணக்கான போராட்டத்துக்கும் நூற்றுக்கணக்கானோரின் கைதுக்கும் பிறகு, 1963 ஆகஸ்ட் 28 இல்தான் அவர்களை உள்ளே விட்டது. மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் தன் கனவைப் பற்றிப் பேசிய அதே நாள் அது. ஒரு குதிரை ராட்டினத்தில் ஏறுவதற்கு ஒரு சமூகம் சிறைக்குப் போகவேண்டி இருந்தது.

இப்ப எங்கட கதைக்கு வருவம். எண்பதுகளில் போரிலிருந்து தப்பிப்போன எங்கட சனத்தில் ஒரு பகுதி டென்மார்க்கில் ஒதுங்கியது. மனைவி பிள்ளைகளைக் கூப்பிட அந்த நாட்டுச் சட்டம் அவர்களுக்கு உரிமை தந்திருந்தது. ஆனால் 1987 இலிருந்து நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் அந்த விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போடவைத்தார். அந்த வருடம் இங்கே எப்படி இருந்தது என்று வீட்டில் அம்மா அப்பாவைக் கேட்டால் சொல்லுவினம். விசாரணை அறிக்கை வந்ததும், 1993 ஜனவரியில், பத்து வருடமாகப் பிரதமராக இருந்த போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995 இல் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. அங்கே இதன் பெயரே 'தமிழர் விவகாரம்'தான். தமிழ்க் குடும்பங்களை வாசலில் மறித்ததற்காக ஐரோப்பாவில் ஒரு அரசாங்கம் விழுந்த கதை எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதனால்தான் முதலில் டிவோலி. அங்கே 1914 இல் கட்டிய மரத்தாலான ரோலர் கோஸ்டர் இன்னும் ஓடுகிறது. ஒவ்வொரு வண்டியிலும் பிறேக் பிடிக்க ஒருத்தர் இருப்பார். 80 மீற்றர் உயரத்தில் சுத்துகிற ஊஞ்சல் ராட்டினமும் இருக்கு. மேலே போனால் நகரத்தின் கோபுரங்கள் தெரியும். அதில் ஒன்று, அந்தப் பிரதமர் பதவி இழந்த பாராளுமன்றத்தின் கோபுரம். இறங்கி நடந்தே போகலாம். பின்னேரம் ரயில் பிடித்தால் ரிக்கற் கேட்காத பாக்கன்.

எங்கட கடவுச்சீட்டோடு விசா வரிசையில் நிற்கிறபோது, பூங்காவின் வாசல் இரண்டாவது வாசல்தான். முதல் வாசலில் எங்களுக்கு முதல் நின்று, வருடக்கணக்கில் காத்திருந்தவர்களைத் தெரிந்துகொண்டு போவம். மற்ற மூன்று பேருக்கும் இதைத்தான் சொல்ல நினைத்தேன். தேத்தண்ணி ஆறிவிட்டது, கடைக்காரர் கதவை இழுக்கத் தொடங்கிவிட்டார்.