தோட்டத்துக்குள் ஓர் அடைக்கல மண்டபம்

ஜப்பானியத் தோட்டம் என்றதும் குளமும் பாலமும் பைன் மரங்களுமே நம் மனக்கண்முன் எழுகின்றன. யோகோஹாமா நகரத்துச் சான்கேயென் தோட்டத்தில் இவை யாவும் உண்டு. பட்டு வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய ஹாரா தொமிதாரோ என்பார் இதனை அமைத்து, 1906ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். 1916இல் ஜப்பான் சென்ற கவி தாகூர் இங்கே அவருடைய விருந்தினராகத் தங்கியிருந்தார் என்பது நம் நாட்டவர் அறிந்து மகிழத்தக்க செய்தி.

இத்தோட்டத்தின் வெளிப்பகுதியில், புல் வேய்ந்த கூரையுடன் சிறு பௌத்த மண்டபம் ஒன்று நிற்கிறது. அதன் அடக்கமான அழகைக் கண்டு நாமும் அப்பால் சென்றுவிடக்கூடும். ஆனால், அதன் வரலாறு நம்மைத் தடுத்து நிறுத்துகிறது.

1634ஆம் ஆண்டைச் சேர்ந்த இம்மண்டபம், காமகுரா நகரிலுள்ள தோகெய்ஜி என்னும் பெண் துறவியர் மடத்துக்கு உரியதாயிருந்தது. மங்கோலியப் படையெடுப்புகளை எதிர்த்து நின்ற ஹோஜோ தோகிமுனே 1284இல் மறைந்தார். துறவு பூண்ட அவருடைய மனைவி காகுசான் அம்மையார் மறு ஆண்டில் அம்மடத்தை நிறுவினார்.

தோகுகாவா ஆட்சிக் காலத்தில் மணவிலக்குச் சீட்டு எழுதித் தரும் உரிமை கணவனிடமே இருந்தது. கொடுமை தாளாது ஓடிவந்த பெண் தோகெய்ஜியின் வாயிலை எட்டிவிட்டால், துரத்தி வருவோர் அவளை மீட்டுச் செல்ல இயலாது. காலணியை வாயிலுக்குள் எறிந்துவிட்டாலே போதும் என்றும் ஒரு கதை வழங்குகிறது. மூன்றாண்டுகள், பிற்காலத்தில் இரண்டாண்டுகள், அம்மடத்தில் வாழ்ந்தவள் மணவிலக்குப் பெறலாம். ஆட்சியாளரும் இவ்வழக்கத்தை ஒப்புக்கொண்டிருந்தனர்.

1868க்குப்பின் அமைந்த புதிய அரசின் கொள்கையால் பௌத்த மடங்கள் பழைய ஆதரவை இழந்தன. மனைவியும் நீதிமன்றத்தில் மணவிலக்குக் கோரலாம் என்னும் சட்டம் 1873இல் வந்தது. தோகெய்ஜியின் பழம்பணி முடிவுற்றது, மடமும் நலிவுற்றது. 1907இல் ஹாரா இம்மண்டபத்தைத் தம் தோட்டத்துக்குக் கொணர்ந்தார். மரத்தை மரத்தோடு பொருத்திக் கட்டிய கட்டடமாதலின், பிரித்தெடுத்து மீண்டும் பூட்டுவது இயன்றது.

அழிவினின்றும் காத்த அவர் செயல் போற்றத்தக்கது. ஆயினும், கட்டடம் இடம்பெயரும்போது அதற்குப் பொருள் தந்த சூழல் உடன் வருவதில்லை. அப்பெண்கள் நாடிச் சென்ற மடம் காமகுராவிலேயே இருக்கிறது. அவர்கள் வழிபட்ட மண்டபமோ இங்கே குளிர்ந்த நிழலில் நிற்கிறது. ஆகவே, யோகோஹாமா செல்வோர் காமகுராவுக்கும் சென்றுவருதல் நன்று. இரண்டையும் கண்ட பின்னரே இச்சிறு மண்டபத்தின் வரலாறு நமக்கு நிறைவுறுகிறது.